பச்சைப் புள்ளி வைத்த ஆம்ப்ளிஃபயர்

இந்தத் திருகுகளின் தலையில் பச்சையாக ஒரு புள்ளி இருக்கிறதே, பார்த்தீர்களா சார்? அழுக்கு இல்லை, துடைத்தால் போகாது. நகப்பூச்சு. பெண்பிள்ளைகள் விரலில் வைத்துக்கொள்வார்களே, அது. மூலைக்கு ஒன்றாக வைத்திருக்கிறது பாருங்கள். உங்கள் கார் டிக்கிக்குள் குனிந்தபோதே கவனித்துவிட்டேன். ஆம்ப்பைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன், அவ்வளவுதான். எனக்கு முன்னால் இதைத் திறந்தவன் நாச்சிமுத்து.

ஆமாம் என்கிறீர்களா? இப்போதும் அவன் கடைக்குத்தான் போயிருப்பீர்கள். பூட்டியிருந்திருக்கும். எதிர்ச்சாரியில் என் போர்டைப் பார்த்து வண்டியைத் திருப்பியிருப்பீர்கள். சொல்லவே வேண்டாம் சார், முகத்திலேயே தெரிகிறது. அதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். டீ சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். அவன் கைபட்ட ஒரு பெட்டி, கெட்டுப்போய், என் மேஜைக்கு வர வேண்டும் என்று எத்தனை வருடமாகக் காத்துக்கிடக்கிறேன் தெரியுமா? அர்த்தநாரீசுவரர் மலையை விட்டு இறங்கி வந்து, இந்தா அர்த்தநாரி, வைத்துக்கொள் என்று கையில் கொடுத்த மாதிரி வந்திருக்கிறது. அதுவும் எந்த நாளில்! இன்றைக்கு!

யார் நாச்சிமுத்து என்கிறீர்களா? என் தங்கச்சி புருஷன்.

அப்படிப் பார்க்காதீர்கள் சார். சொல்கிறேன். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குச் சொல்லும். எனக்கு இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

முதலில் வேலை. உங்கள் ஆம்ப்பில் விளக்கே எரியவில்லை, ஃபியூஸ் மாற்றினால் மாற்றிய கையோடு போகிறது, அப்படித்தானே? பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டியிலேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆம்ப்பை எழுப்புகிற மெல்லிசு ஒயர் ஒன்று பாட்டுப் பெட்டியிலிருந்து வரும், அதுவும் சரி. எர்த் ஒயரைத்தான் வண்டித் தகட்டின் பெயின்ட்டைச் சுரண்டாமல் அப்படியே முறுக்கி வைத்திருக்கிறது. யார் வைத்தது? சீட் கவர் கடையிலா? நல்ல கடை. எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால் ஆம்ப் விக்கி விக்கி ஓடும். பவர் சப்ளைக்கு அதுதான் எமன். சரி, அது கிடக்கட்டும்.

இதோ இந்த ஹெட்லைட் பல்பைப் பாருங்கள். பேட்டரிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் இதை மாட்டிவிடுவேன். ஆம்ப்புக்குள் எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு மினுங்கு மினுங்கிவிட்டு அடங்கிவிடும். உள்ளே ஷார்ட் இருந்தால் பளீரென்று எரியும். எரிந்தாலும் கரண்ட்டைப் பல்பே வாங்கிக்கொள்ளும், ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகாது. இதற்குச் சொந்தமும் தெரியாது, பந்தமும் தெரியாது. உள்ளதைச் சொல்லும்.

பாருங்கள். போட்டுவிட்டேன்.

பளீர்! கண் கூசுகிறதா? உள்ளே ஷார்ட். இனி திறக்க வேண்டியதுதான். பச்சைப் புள்ளியை உடைக்கப்போகிறேன், நீங்களே சாட்சி.

இந்தப் புள்ளி வைக்கிற வழக்கமே எங்கள் இரண்டு பேருடையதுதான் சார், வேறு எந்தக் கடையிலும் கிடையாது. அப்போது ஒரே கடை. இதே கடை. நாச்சிமுத்து எனக்குக் கீழே வேலைக்கு வந்தவன் இல்லை, கூட வந்து நின்றவன். இந்த ஊரில் போர்வெல் வண்டி வைத்திருக்கிறவர்கள் வடக்கே எங்கெல்லாமோ போய்க் குழாய் இறக்கிவிட்டு வருவார்கள். வந்ததும் காருக்குப் பாட்டுச் சத்தம் ஏற்ற வேண்டும். தெருவில் போனால் சன்னல் கண்ணாடி நடுங்க வேண்டும் என்பார்கள். ஏக வேலை. யார் செய்த வேலை என்று தெரிய வேண்டும் இல்லையா, வசந்தாமணிதான் தேர்த் திருவிழாக் கடையில் இரண்டு புட்டி நகப்பூச்சு வாங்கி வந்தாள். வசந்தாமணி என் தங்கச்சி. "சிவப்பு அண்ணனுக்கு, பச்சை இவருக்கு" என்றாள். திருகின் மேல் பூச்சு உடைந்திருந்தால் வேறு எவனோ திறந்திருக்கிறான் என்று அர்த்தம். அன்றிலிருந்து சிவப்பு என்றால் அர்த்தநாரி, பச்சை என்றால் நாச்சிமுத்து.

என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சோறு கொண்டுவந்தவள் வசந்தாமணிதான். மத்தியானம் ஒரே தூக்குப் போசியில் மாப்பிள்ளைக்கும் எனக்கும். அவன் தன் கறியை எடுத்து என் தட்டில் போடுவான். அப்படி நடித்தவன்.

டீ வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள். எனது அங்கேயே இருக்கட்டும்.

ம்... உள்ளே பாருங்கள். இந்தப் பக்கம் பாதி பவர் சப்ளை. பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை வாங்கி, இந்தச் செப்புக் கம்பி சுற்றிய வளையத்தில் ஏற்றி, பெருக்கிக் கொடுக்கிற இடம். ஏற்றி இறக்குகிற வேலையை இந்த டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. அந்தப் பக்கம் பாட்டுப் பக்கம். நாச்சிமுத்து எங்கே கை வைத்தான் என்று சொல்லட்டுமா? பாட்டுப் பக்கம், இந்த இரண்டு கெப்பாசிட்டர். சால்டர் ஈயம் புதுசு. பாருங்கள், பாருங்கள்...

லென்ஸைக் கொடுங்கள் சார், உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில்.

ம். நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறான். பளபளவென்றுதான் இருக்கிறது. இருக்கட்டும். ஒட்டத் தெரியாது என்று நான் எப்போது சொன்னேன்? நான் சொல்லிக் கொடுத்ததுதானே.

என்ன சொல்ல வருகிறீர்கள்? எர்த்தை மாற்றச் சொன்னாரா? அவனா? பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்கச் சொல்லி அனுப்பினான், நீங்கள்தான் நேரமில்லாமல் விட்டுவிட்டீர்களா? சொல்லியிருப்பான் சார், சொல்வதற்கு என்ன, வாய்தானே. கூடவே வந்து சுரண்டிக் கொடுத்திருந்தால் அது வேலை. அவனுக்குச் சாதகமாகப் பேசாதீர்கள். இன்றைக்கு நீங்கள் எனக்கு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

இருங்கள், டிரான்சிஸ்டரை அளந்துவிடுகிறேன். இது சரி. இது சரி. இது... கேட்டதா? மீட்டர் 'பீ' என்று கத்துகிறது. இதுதான் செத்தது. ஷார்ட் ஆகியிருக்கிறது. இதைக் கழற்றிப் புதுசு போட்டால் வேலை முடிந்தது. பாருங்கள், இதன் முதுகில் கண்ணாடித்தாள் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இதற்குப் பேர் மைக்கா. டிரான்சிஸ்டரின் முதுகும் இந்த அலுமினிய உடம்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் ஷார்ட். சூடு மட்டும் கடக்க வேண்டும், கரண்ட் கடக்கக் கூடாது. அதற்குத்தான் நடுவில் மைக்கா. கொல்லன் உலையில் போட்டாலும் எரியாது சார், அப்படிப்பட்ட சாமான். காற்றில்தான் பறந்துவிடும். இதோ, இங்கே வைத்து மேலே டீ டம்ளரை வைக்கிறேன். இனி எங்கே போகும்?

இன்றைக்கு அவன் கடை ஏன் பூட்டியிருக்கிறது தெரியுமா? வரும் வழியில் பேனர் பார்த்திருப்பீர்களே, மலையடிவார மண்டபத்து வாசலில், தலையில் கிரீடம் வைத்த ஒரு பயல் படம். காதணி விழா. அவன் மகன். என் தங்கச்சி மகன். மொட்டையடித்து, சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன்? இங்கே, உங்களோடு.

என் மடி இல்லாமல் குத்திக்கொள்ளட்டும் பார்க்கலாம்.

அழைக்காமல் இல்லை சார். அழைத்தார்கள். வசந்தாமணியே தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், எனக்கு ஒரு வேட்டி. அந்த வாசற்படியில்தான் நின்றாள். நான் ஒரு போர்வெல் வண்டிக்காரரின் வூஃபர் ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணா" என்றாள். அது கேட்டது. அடுத்து அவள் சொன்னது கேட்கவில்லை. நான் சத்தத்தை ஏற்றிவிட்டேன். அவள் வாய் அசைகிறது, நான் ஏற்றுகிறேன். அவள் அசைக்கிறாள், நான் ஏற்றுகிறேன். தட்டில் இருந்த வெற்றிலையெல்லாம் உயிர் வந்த மாதிரி துடிக்கிறது. கடைசியில் தட்டை இந்த மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தேங்காய் அதோ அலமாரியில் இருக்கிறது. உடைக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

நான் அவளை ஒரு வார்த்தை திட்டினேனா? இல்லையே. வூஃபரைச் சோதித்தேன். அது என் தொழில்.

என்னமோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், கோர்வை விட்டுப்போய்விடும். பயல் முகத்தைப் பார்த்ததில்லையா என்றுதானே கேட்பீர்கள்? பேனரில் பார்த்தேன். காது எங்கள் பக்கத்துக் காது. அதனால் என்ன?

அவன் என்ன செய்தான் என்று கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள் நான் செய்வது சரியா இல்லையா என்று.

எதிரே தெரிகிறதே டாக்ஸி ஸ்டாண்டு, அங்கே மாரப்பன் என்று ஒருவன். நல்ல பையன், வாடகைக் கார் ஓட்டுகிறான். அவன் காரில் ஆம்ப்புக்குப் பவர் சப்ளை போய்விட்டது, நான்தான் சரி செய்து கொடுத்தேன். சிவப்புப் புள்ளி. சில நாள் நன்றாகப் பாடியது. அப்புறம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மாரப்பன் கார். பூவெல்லாம் சுற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறான். சங்ககிரி ரோட்டில் போகும்போது சீட்டுக்கு அடியில் புகை. மாப்பிள்ளைப் பையன் பட்டு வேட்டியோடு ரோட்டில் குதிக்கிறான். மேளக்காரர்கள் மேளத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சீட்டு போச்சு, யாருக்கும் ஒன்றும் இல்லை. கல்யாணமும் நடந்தது.

ஆனால் ஸ்டாண்டே திரண்டு வந்துவிட்டது சார். என் கடை வாசலுக்கு. பெண் வீட்டுக்காரர்கள் வேறு. ஒருவன் கையில் ஜாக்கி லிவர். "எங்கடா அந்த அர்த்தநாரி" என்கிறான். நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், மாரப்பன் ஃபியூஸ் போன இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தான், அதனால்தான் தீ என்று. உண்மை சார் அது, சத்தியமான உண்மை. ஃபியூஸ் இருந்தால் அதோடு போயிருக்கும். நான் சொல்லச் சொல்ல எவனும் கேட்கவில்லை.

அப்போது நாச்சிமுத்து, என் மாப்பிள்ளை, என்ன செய்தான்? கரிந்த ஆம்ப்பை வாங்கி, எல்லார் முன்னாலும், அந்தப் படியிலேயே உட்கார்ந்து திறந்தான். உள்ளே பார்த்தான். நிமிர்ந்தான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இதுல ஒரு டிரான்சிஸ்டருக்கு மைக்காவே இல்லீங்க. பெயின்ட் பூச்சு கொஞ்ச நாளைக்குத் தாங்கியிருக்குது, அப்புறம் தேஞ்சு ஒட்டிருச்சு. மச்சான் பேசிக்கிட்டே மாட்டியிருப்பாரு. விடுங்க, நான் எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்தர்றேன்."

பேசிக்கிட்டே மாட்டியிருப்பாரு!

கூட்டம் சிரித்தது சார். ஜாக்கி லிவர் வைத்திருந்தவன்கூடச் சிரித்தான். சிரித்துவிட்டு எல்லாரும் கலைந்து போய்விட்டார்கள். அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அன்றிலிருந்து ஸ்டாண்டில் எனக்கு அதுதான் பேர். நான் டீக்கடைக்குப் போனால் ஒருவன் சொல்வான், "அண்ணன்கிட்டப் பேச்சுக் குடுக்காதீங்கடா, எதையாச்சும் மாட்டாம விட்டுருவாரு." ஒரு வண்டி வருவதில்லை. எல்லாம் அவனிடம்.

நான் பேசுகிறவனா சார்? நீங்களே சொல்லுங்கள். வேலை நேரத்தில் நான் பேசுகிறவனா?

மைக்கா இல்லையாம். மைக்கா தீயில் எரிந்து போயிருக்கும்! சீட்டே எரிந்திருக்கிறது, ஒரு துண்டு மைக்கா எரியாதா? இது ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதா? தெரிந்தே சொன்னான். மச்சானைக் கீழே தள்ளி, அவன் மேலே ஏற. அதற்கப்புறம் பாருங்கள், மாரப்பனுக்குச் சீட்டும் அவனே தைத்துக் கொடுத்தான், ஆம்ப்பும் அவனே போட்டுக் கொடுத்தான். ஏன்? பேர் எடுக்க. வேறெதற்கு?

நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன், இந்தப் படியில் இனி உன் கால் படக் கூடாது என்று. எதிர்ச்சாரியில் போய்க் கடை போட்டான். தூக்குப் போசி அதோடு நின்றது. நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த அலுமினியத்தில் பழைய பசை எப்படிப் பிடித்திருக்கிறது பாருங்கள்! பிளேடு வைத்துச் சுரண்டினால்தான் போகும். சுரண்டச் சுரண்ட அவன் மூஞ்சியைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது எனக்கு. பளிச்சென்று ஆக்கிவிட்டேன். புது டிரான்சிஸ்டரை வைத்து முறுக்குகிறேன். நன்றாக முறுக்க வேண்டும். இன்னும் ஒரு சுற்று. ஆயிற்று. மூன்று கால்களையும் ஒட்டிவிட்டேன்.

இப்போது சொல்கிறேன், நீங்கள் ஏன் வேண்டும் என்று.

காது குத்துக்கு ஆள் அனுப்பி, அனுப்பி, கடைசியில் மாரப்பனையே அனுப்பினார்கள். நான் அவனிடம் சொல்லியனுப்பினேன்: "எந்த இடத்துல நின்னு சொன்னானோ அதே இடத்துல நின்னு, ஸ்டாண்டுக்காரங்க முன்னால, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லச் சொல்லு. சொன்ன மறுநிமிஷம் என் மடி." நியாயம்தானே? அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் தெரியுமா? "மச்சான் கால்ல வேணும்னாலும் விழறேன். இல்லாத மைக்காவை இருந்துச்சுன்னு எப்படிங்க சொல்றது?" கொழுப்பைப் பார்த்தீர்களா?

இப்போது மண்டபத்தில் ஸ்டாண்டு மொத்தமும் இருக்கும். சொந்தம் மொத்தமும் இருக்கும். நான் போகப்போகிறேன் சார். மடி கொடுக்க இல்லை. இந்த ஆம்ப்பின் உள் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பச்சைப் புள்ளி வைத்த மூடியையும் எடுத்துக்கொண்டு, மேடையில் ஏறி, இதுதான் உங்கள் நாச்சிமுத்து செய்த வேலையின் லட்சணம் என்று காட்டப்போகிறேன். உங்கள் காரிலேயே போகலாம், பக்கம்தான். நீங்கள் வெளியூர்க்காரர். உங்களுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நீங்கள் சொன்னால் எடுபடும். ஒரே வார்த்தை போதும். 'இவரிடம் கொடுத்தேன், கெட்டுப்போய்விட்டது.' அது உண்மைதானே? கொடுத்தீர்கள், கெட்டுப்போனது.

என்ன தலையை ஆட்டுகிறீர்கள்? அவன் வேலையில் குறை எங்கே என்றா? குறைதானே வேண்டும். இதோ, அவன் ஒட்டிய கெப்பாசிட்டர். லேசாகச் சூடு காட்டினேன், இடுக்கியால் லேசாக... பாருங்கள், கால் கையோடு வந்துவிட்டது! நல்ல சால்டர் என்றால் வருமா? சூடு காட்டினால் எல்லாம் வரும் என்கிறீர்களா? அது மண்டபத்தில் யாருக்குத் தெரியும் சார்? அவன் என்னைச் சொன்னபோது மட்டும் யாருக்குத் தெரிந்தது?

சும்மா இருங்கள். டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். டீ ஆறினால் ஆறட்டும், நான் ஆறிய டீதான் குடிப்பேன்.

யாரது ஹாரன்? மாரப்பன்! பேரைச் சொன்னேன், ஆளே வந்துவிட்டான். வா மாரப்பா, உள்ளே வா. பட்டுச் சட்டை போட்டிருக்கிறாய், நன்றாக இருக்கிறது. வசந்தாமணி அனுப்பினாளா? ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டாரா? வைத்திருக்கட்டும். நேரம் தாண்டப்போகிறதா? தாண்டட்டும். பயல் அழுகிறானா? குத்துவதற்கு முன்னாலேயே ஏன் அழுகிறான்? மடி காலியாக இருக்கிறதென்று பெரியவர்கள் அழ, அதைப் பார்த்து அவனும் அழுகிறானா?

சரி சரி. நானும் வரத்தான் போகிறேன். நீ நினைக்கிற மாதிரி இல்லை. முதலில் இதைப் பார். இவர் ஆம்ப். உங்கள் நாச்சிமுத்து திறந்த ஆம்ப். இதை நான் உயிரோடு எழுப்பிக் காட்டுகிறேன், அப்புறம் யார் வேலைக்காரன் என்று நீயே அங்கே வந்து சொல். பல்பைப் பார். ஒரு மினுங்கு மினுங்கி அடங்கும். இதோ போடுகிறேன்.

பளீர்.

இருங்கள். அணைத்துவிட்டேன். இன்னொரு முறை.

பளீர்.

பார்த்தாயா மாரப்பா, பார்த்தாயா! புது டிரான்சிஸ்டர் போட்டும் எரிகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? இதைத் திறந்தவன் உள்ளே வேறு என்னமோ செய்து வைத்திருக்கிறான்! நான் சொல்லவில்லையா? பல்பு சொல்கிறது! இதுதான் வேண்டும் எனக்கு. எடு, வண்டியை எடு, இப்படியே பல்போடு பேட்டரியோடு மேடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். எல்லார் முன்னாலும் எரியட்டும்! இந்த டம்ளரை ஓரம் வை, பேட்டரியைத் தூக்க வேண்டும்.

என்ன?

டம்ளரை ஏன் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்? அடியில் என்ன? என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது?

...

இங்கே கொடு.

நீங்கள் இதைத்தான் சொல்ல வந்தீர்களா சார்? அத்தனை முறையும்? சத்தமாகச் சொல்லியிருக்கலாமே.

நீ வாயைத் திறக்காதே மாரப்பா. உலையில் போட்டாலும் எரியாது என்று நான்தான் சொல்வேன், தெரியும். உன்னை யாரும் கேட்கவில்லை. சிரித்தால் போய் வண்டியில் உட்கார்ந்துகொள். சிரிக்கவில்லையா? அப்புறம் ஏன் தரையைப் பார்க்கிறாய்?

கொஞ்சம் இருங்கள். டிரான்சிஸ்டரைக் கழற்றி, இந்த மைக்காவை அடியில் வைத்து மாட்ட வேண்டும். ஒருவரும் பேச வேண்டாம்.

...

...

ம். போடுகிறேன்.

மினுங்கி அடங்கிவிட்டது. பல்பு அடங்கிவிட்டது பாருங்கள். இப்போது பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கிறேன். விளக்கு வந்துவிட்டது. பாட்டு... கேட்கிறதா? தெளிவாக இருக்கிறது. உங்கள் ஆம்ப் சரியாகிவிட்டது சார். அந்தக் கெப்பாசிட்டர் காலையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். அவன் எப்படி வைத்திருந்தானோ அப்படியே இருக்கிறது. எர்த்தை வண்டியில் சுரண்டி மாட்டுகிறேன், அதற்கு அதிக நேரம் ஆகாது.

அதற்கு நேரமில்லையா மாரப்பா? ஆசாரி எழுந்துவிடுவாரா? சரி, எர்த் அப்புறம். மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி மாட்டிக்கொள்ளலாம். எப்படியும் இவர் காரில்தானே போகிறோம்.

மூடியைப் போட்டுவிட்டேன். புள்ளி வைக்க வேண்டும். சிவப்புப் புட்டி எங்கே... இருக்கிறது. காய்ந்துபோய்விட்டது. திறந்து எத்தனை நாள் ஆகிறதோ. புள்ளி இல்லாமல் போகட்டும் சார். யார் கேட்டாலும் பச்சையிடம் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. சிவப்பிடம் கொடுத்தேன் என்றும் சொல்லலாம். அங்கே மேடையில் ஒன்றும் சொல்ல வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

டம்ளர் விஷயமும் வேண்டாம். அது வேறு, இது வேறு.

மாரப்பா, அலமாரியில் ஒரு வேட்டி இருக்கிறது, எடு. பக்கத்தில் தேங்காய் இருக்கும், அதையும் எடு. அழுகியிருக்காது, மூன்று நாளுக்கு முன்னால்தான் வைத்துவிட்டுப் போனாள். கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், ஷட்டரை இறக்கு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல். அன்றைக்கு உன் வண்டியில் ஃபியூஸ் இருந்த இடத்தில் நீ செப்புக் கம்பி சுற்றி வைத்திருந்தாயா, இல்லையா?

சுற்றியிருந்தாய்.

கேட்டீர்களா சார்? சுற்றியிருந்தான். அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அதைத்தான் நான் அன்றிலிருந்து சொல்கிறேன். அதை ஒருவனும் காதில் வாங்கவில்லை. பாதிக் குற்றம் கம்பியுடையது. அதை நாச்சிமுத்து அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என்னைச் சொன்ன வாயால் கம்பியையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை மட்டும் நான் விடமாட்டேன், சாகும்வரை விடமாட்டேன்.

எடுங்கள் சார் வண்டியை. நேராகப் போய் மலைக்கோயில் வளைவில் இடது பக்கம். மேடையில் ஏறுவேன். அவன் கையை நீட்டுவான், எனக்குத் தெரியும். பிடிக்க மாட்டேன். மச்சான் என்பான், திரும்ப மாட்டேன். மடியை மட்டும்தான் கொடுப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.